வெங்கடாசலம் அண்ணனின் காற்று டேங்க்

ஜேடர்பாளையத்தில் வெங்கடாசலம் அண்ணனைத் தெரியாதவர்கள் குறைவு. கிணற்றில் மோட்டார் விழுந்தாலும், தடுப்பணையில் யாராவது மூழ்கினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முதலில் மூச்சடக்கியே முங்கினார். நெஞ்சுவலி வந்த பிறகு, சங்கு குளிக்கிற ஒருவரிடமிருந்து பழைய அலுமினிய டேங்க் ஒன்றை வாங்கினார். ஊரில் அதை ஆக்சிஜன் டேங்க் என்பார்கள். உள்ளே இருப்பது அழுத்தி அடைத்த சாதாரணக் காற்றுதான்.

இந்தச் சித்திரையில் கண்ணாத்தாள் அக்காவின் கிணற்று மோட்டார் கயிறு அறுந்து விழுந்து, அடியில் பாறைப் பொந்துக்குள் போய்விட்டது. கொக்கி போட்டும் மாட்டவில்லை. அவருடைய கொட்டகை நிறையக் கோழிகள் தண்ணீரில்லாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. தண்ணீர் லாரிக்காரர் ஒரு நடை ஊற்றிவிட்டு, இனி வர முடியாது என்று சொல்லிவிட்டார்.

டேங்க்கோ காலி. சேலத்தில் காற்று நிரப்புபவர், "வால்வைக் கழட்டி உள்ளே பார்க்காம நிரப்ப மாட்டேன்" என்றார். அவருடைய ஸ்பேனருக்கு வால்வு அசையவில்லை. எங்காவது கழற்றிக்கொண்டு வரச் சொன்னார். நெருப்புக் காட்டக்கூடாது என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

அண்ணன் சங்ககிரியில் முருகானந்தத்தின் லாரி பட்டறைக்குப் போனார். முருகானந்தம் டேங்க்கை டியூப் ரப்பரால் சுற்றிக் கட்டி, ஸ்பேனரில் நீளமான பைப்பைச் சொருகித் தொங்கினார். டேங்க்தான் சுற்றியது.

"வால்வு மரையில என்னத்தையோ பூசி ஒட்டி வச்சிருக்குது. எந்தப் புண்ணியவான் வேலைங்க இது?"

"நான்தானுங்க. போர் போடுற ரிக் வண்டியில பைப்புக்குப் பூசுவாங்கல்ல, அந்தப் பசை. காத்து கசியக்கூடாதுன்னு பூசுனேன்."

"அதுக்குத்தான் உள்ள ரப்பர் வளையம் இருக்குதே! உங்களுக்கு டேங்க் போதாதுங்க, போர்வெல்லே போட்டுக் குடுக்கோணும்."

பட்டறையே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். இறுகிய நட்டைச் சூடாக்கிக் கழற்றுவது லாரி பட்டறை வழக்கம். முருகானந்தம் கேஸ் வெல்டிங் தீயை டேங்க் கழுத்தில் காட்டினார். வால்வு கழன்றது. அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

சேலத்துக்காரர் டேங்க்கின் உள்ளே பார்க்கவே இல்லை. கழுத்தில் கருகியிருந்த பெயிண்ட்டை நகத்தால் சுரண்டினார்.

"தீ வச்சீங்களா?"

"கொஞ்சந்தானுங்க."

"சூடு பட்டா அலுமினியம் பலம் போயிடும். இதுல காத்தை அடைச்சா வெடிச்சு நாம ரெண்டு பேருமே போயிடுவோம்."

"ஒரே ஒரு தடவைங்க. கோழியெல்லாம் சாகுதுங்க."

அவர் தலையாட்டி மறுத்தார். வாடகைக்கு வேறு டேங்க்கும் அவரிடம் இல்லை.

அண்ணன் திரும்பி வந்து வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டுக் கிணற்றில் குதித்தார். மேலே வந்தார், மறுபடி முங்கினார். பாறை கையில் தட்டுப்பட்டதாம். பொந்துக்குள் நுழைய மூச்சு இல்லை. அடுத்த முறை மேலே வந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போதுஞ் சாமி, மேல வா" என்று கண்ணாத்தாள் அக்கா கத்தினார். "மோட்டாருக்காக உன்னையும் உள்ள உடச் சொல்றியா?"

கொட்டகையில் முன்வரிசைக் கோழிகள் அதற்குள் சாய்ந்திருந்தன. அக்கா குடங்களை எடுத்து வந்து கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கினார். இருந்த குடங்கள் போதவில்லை. வரப்பில் கிடந்த டேங்க்கைப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, இதுல தண்ணியாச்சும் புடிக்கலாமா?"

 அண்ணன் படியிலிருந்து எழுந்து வந்து, டேங்க்கின் கழுத்தில் கயிற்றைக் கட்டினார்.