மாடி ஷீட் அறையில் இருந்தவர்

நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சிமெண்ட் ஷீட் போட்டு ஓர் அறை கட்டினோம். வாடகைக்கு விடத்தான். அந்த வருஷங்களில் தெருவில் பாதிப்பேர் அப்படிக் கட்டினார்கள். கிளை கூரையில் உரசும் என்று வாசலில் நின்ற பூவரசை வெட்டலாம் என்றார் என் கணவர். நானும் சரி என்றேன்.

அந்த அறைக்குக் குடிவந்தவர் ஒரு தையல்கார அக்கா. கத்தோலிக்கர். கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஐம்பதை நெருங்கியிருந்தார். தவளக்குப்பத்தில் ஒரு தம்பி மட்டும் உண்டு. ஒரு பள்ளிக்கூடத்துக்கு யூனிபார்ம் தைத்துக்கொடுத்தார். ஜூனில் பள்ளி திறப்பதால் மே முழுக்க மெஷினை விட்டு எழமாட்டார்.

புதுச்சேரி வெயில் எங்களுக்குப் புதிதல்ல. பதினொன்று, பன்னிரண்டு மணிக்கெல்லாம் கடல்காற்று வந்துவிடும் என்ற தைரியத்தில்தான் கோடையைக் கழிப்போம். அந்த வருஷம் கத்திரியில் காற்று மூன்று மணியானாலும் வரவில்லை. சில நாள் வரவே இல்லை. பொழுது விடிந்தும் சுவர் சுட்டது. மாடியில் துணி காயப்போடப் போனால் அக்காவின் அறைக்குள் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும், இறங்குவதெல்லாம் அனல்.

கீழே வந்து உட்காருங்கள் என்று ஒருமுறை சொன்னேன். மெஷினை யார் தூக்கிவருவது என்று சிரித்தார். தண்ணீரும் அதிகம் குடிக்கமாட்டார். கக்கூஸ் கீழேதான், எங்கள் கூடம் வழியாகப் போகவேண்டும். அடிக்கடி வந்தால் எங்களுக்குச் சங்கடம் என்று அவர் நினைத்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையில் எனக்கும் அது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

ஒருநாள் மதியம் வெகுநேரமாக மெஷின் சத்தம் கேட்கவில்லை. மேலே போய்ப் பார்த்தேன். அக்கா தரையில் சுவரோரம் சாய்ந்திருந்தார். முகம் சிவந்து, உடம்பு கொதித்தது. ஒரு சொட்டு வேர்வை இல்லை.

"மணி அடிக்குது பாரு. பூசைக்கு நேரமாயிடுச்சி, பொடவைய மாத்தினு வந்துடறேன்" என்றார். நாக்கு குழறியது. எந்த மணியும் அடிக்கவில்லை.

காய்ச்சல் முற்றிவிட்டது என்று நினைத்தேன். மாத்திரை கொடுத்தேன், துப்பிவிட்டார். படுக்கவைத்துக் கம்பளியைப் போர்த்தினேன். ஜன்னலையும் சாத்திவிட்டுக் கணவருக்கு ஃபோன் செய்தேன். அவர் வர அரைமணி நேரம் ஆனது. கம்பளியோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம்.

ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டர் முதலில் கம்பளியை உருவிப் போட்டார். அக்கா மேல் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இது காய்ச்சல் இல்லம்மா. வெயில் தாக்கியிருக்கு. இப்படிப் போர்த்தியா கூட்டிட்டு வருவீங்க?"

பக்கத்துக் கட்டில்களில் ஒரு கொத்தனாரும் ஒரு கிழவரும் அதே மாதிரி கிடந்தார்கள். 

அக்கா பிழைத்தார். ஆனால் கை நடுக்கம் நிற்கவில்லை, பேச்சும் தெளியவில்லை. சூட்டில் மூளை பாதிக்கப்பட்டுவிட்டது, இதற்குமேல் சரியாவது கஷ்டம் என்றார்கள். தம்பி வந்து அவரையும் மெஷினையும் தவளக்குப்பத்துக்கு ஏற்றிப்போனார். பாதி தைத்த யூனிபார்ம்களைப் பள்ளியிலிருந்து ஒருவர் வந்து வாங்கிப்போனார். அக்காவைப் பற்றி அவர் விசாரிக்கவில்லை.

எட்டு மாதம் கழித்துத்தான் பார்க்கப் போனேன். தம்பி மனைவி ஊட்டிவிட, அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் உள்ளே போன பிறகு, கம்பளி போர்த்தியதும் ஜன்னலைச் சாத்தியதும் நான்தான் என்று சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் நடுக்கம் என் கைக்கும் வந்தது. ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்.

"இப்ப அங்க யாரு இருக்காங்க?"

புருஷன் பெண்டாட்டி, ஒரு கைக்குழந்தை என்றேன்.

"கொழந்தையா?"

 நான் அதிக நேரம் அங்கே இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரோடு சண்டை போட்டு, ஷீட்டின் மேல் தென்னங்கீற்று பரப்ப வைத்தேன். அப்படியும் பங்குனியிலேயே குழந்தையின் முதுகெல்லாம் வேர்க்குரு, கொப்புளம். சித்திரை பிறப்பதற்குள் அவர்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அதன்பிறகு அந்த அறையை யாருக்கும் விடவில்லை. இடிக்கவும் இல்லை.