சாவி உள்ளவருக்கு மட்டும்

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு மென்பொருள் போட்டுக்கொடுக்கப் போயிருந்தேன். எந்தெந்த அறையில் கலந்த வெடிமருந்து மிச்சமிருக்கிறது என்ற அறிக்கை தினமும் நாலு மணிக்குத் தானாகப் போனுக்குப் போகும். மிச்சத்தை அப்படியே வைத்துப் பூட்டினால் அறையே வெடித்துவிடலாம். யார் யாருக்கு அனுப்புவது என்று முதலாளி கொடுத்த பட்டியலில் முப்பது பேர்.

சரிபார்க்க போர்மேன் வந்தார். விரலிடுக்கெல்லாம் அலுமினியப் பொடி மின்னியது. மருந்து அறைக்குள் நுழையுமுன், உடம்பிலுள்ள மின்சாரம் இறங்கட்டுமென்று செம்புத் தகட்டைத் தொடுவார்கள். இவர் ஆபீஸ் வாசலிலும் கம்பிக் கதவில் உள்ளங்கையை வைத்துவிட்டே உள்ளே வந்தார்.

"அம்புட்டுப் பேருக்கும் போனா, அடுத்தவுக பாத்துக்கிடுவாகன்னு ஆளாளுக்கு இருந்திருவாக. அறைச் சாவி யார்ட்ட இருக்கோ அவுகளுக்கு மட்டும் அனுப்புங்க."

"முதலாளிக்கு?"

"அவுகட்ட சாவி இல்லையே."

நாலு பெயர் மிஞ்சியது. கடைசிப் பெயரில் விரலை வைத்தார்.

"இதையும் எடுத்திருங்க. நாளையிலருந்து பத்து நாள் லீவு. சாவிய ஆமத்தூர்க்காரம்மாட்ட குடுத்தாச்சு. அவுக பேரப் போடுங்க."

எடுக்கச் சொன்னது போர்மேனின் சொந்தப் பெயர்.

எத்தனையோ கம்பெனிகளில் 'என் பெயரையும் சேர்' என்று பிறர் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். எடுக்கச் சொன்னவர் இவர் ஒருவர்தான். திரையில் தன் பெயர் போய்விட்டதா என்று குனிந்து பார்த்துவிட்டு எழுந்தார். வெளியேறும்போதும் அந்தக் கம்பிக் கதவைத் தொட்டார்.