அந்திமந்தாரையும் அவர் வண்டியும்

மகளின் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. சிவப்பு அந்திமந்தாரையையும் வெள்ளையையும் கலந்தால், பிறக்கும் செடியெல்லாம் ரோஸ் நிறத்தில் பூக்குமாம். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். அந்தப் படத்தைப் பார்த்ததும் விஞ்ஞானியாகிவிட்டேன்.

சும்மா இருந்திருக்கலாம். வாசலில் நான் பூச்செடி வைத்திருந்த மூலையில் தன் வண்டியை நிறுத்தவேண்டும் என்று கணவர் வெகுநாளாக அடம்பிடித்துக்கொண்டிருந்தார். "எல்லாச் செடியும் ரோஸாப் பூக்கும், பாருங்க. ஒண்ணு தப்பினாலும் மூலைய நீங்களே எடுத்துக்கங்க" என்று வாயைவிட்டேன்.

ஏற்காட்டில் மிளகும் காப்பித்தூளும் விற்கும் கடை எங்களுடையது. சாயங்காலம் டூரிஸ்ட் வண்டிகள் வந்து நின்றால் மூச்சுவிட நேரமிருக்காது. அதனால் அதிகாலையில் சுபுஹு தொழுத கையோடு வாசலுக்குப் போய், மகளின் பெயிண்ட் பிரஷால் வெள்ளைப் பூவின் மகரந்தத்தைச் சிவப்புப் பூக்களில் தடவினேன். மலைக் குளிரில் அவை விடிந்தும் வாடாமல் இருந்தன. அந்தப் பூக்களின் விதைகளை எடுத்து நட்டேன். மொட்டு வைத்ததும், கொட்டச்சேட்டிலிருந்து மிளகு கொண்டுவருபவரைக்கூட இழுத்துவந்து காட்டினேன்.

பன்னிரண்டு செடி. பன்னிரண்டும் ரத்தச் சிவப்பு.

கணவர் அன்றே டேப்பை எடுத்து மூலையை அளந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எப்பம்மா தடவுன?" என்று கேட்டாள் மகள்.

"காலையிலதான் கண்ணு."

"நொம்ப நல்லாருக்குது! ராத்திரியே அந்தச் சிவப்புப் பூ தன் மகரந்தத்தையே சேர்த்துக்கிட்டு வேலைய முடிச்சிருக்கும். சாயங்காலம், பூ விரியறதுக்கு முன்னாடியே மகரந்தப் பைய எடுத்துரோணும்மா."

பெயரிலேயே அந்தி இருக்கும் பூவிடம் விடியற்காலையில் போய் நின்றிருக்கிறேன். இன்னொரு தடவை செய்து பார்க்க உடனே கணவரிடம் அப்பீல் போட்டேன்.

"ஏனுங்க, ஒரு வாரம் சாயங்காலக் கடைய நீங்க பாத்துக்கங்க."

"அதென்ன பெரிய வேலை?" என்று கிளம்பிப் போனார்.

முதல் மொட்டைப் பிரித்தேன். போன் அடித்தது. சுக்குத்தூள் எங்கே? இரண்டாவது மொட்டு. ஏலக்காய் என்ன விலை? மூன்றாவதைத் தொடும்முன், பின்னால் பத்துப் பேர் பேரம் பேசும் சத்தத்தோடு அவர் குரல் கெஞ்சியது.

"மூலைய நீயே வெச்சுக்க தாயி. வண்டி ரோட்லயே நிக்கட்டும். நீ மொதல்ல கடைக்கு வா!"

பிரஷைப் போட்டுவிட்டு ஓடினேன். மூலை எனக்கே கிடைத்துவிட்டது. சாயங்காலம்தான் இன்றுவரை கிடைக்கவில்லை. எங்கள் வாசலில் இப்போதும் சிவப்பும் வெள்ளையும்தான் பூக்கின்றன.