பன்னிரண்டாவது பாட்டில்

எங்கள் வீட்டில் இருந்தவை ஆறு நாற்காலிகள். வியாழக்கிழமை மாலை வருகிற பெண்கள், என் மனைவியையும் சேர்த்து, ஒன்பது பேர். மீதி மூன்று பேர் எங்கே உட்காருவார்கள் என்று நான் ஒவ்வொரு வாரமும் கவலைப்பட்டேன். அவர்கள் ஒரு வாரம்கூடக் கவலைப்பட்டதில்லை. வந்ததும் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். நாற்காலிகளின் மேல் அவர்களுடைய கைப்பைகள் உட்கார்ந்திருக்கும்.

இது எண்பதுகளின் நடுவில். ஓசூருக்கு வெளியே தொழிற்பேட்டையை ஒட்டிப் பல்கலைக்கழகத்தின் விரிவு மையம் ஒன்று இருந்தது. என் மனைவி அங்கே வேதியியல் பேராசிரியை. பௌதிகத்துக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மையார் இருந்தார். இருவரும் சேர்ந்து அறிவியல் படிக்கும், கற்பிக்கும் பெண்களுக்காக ஒரு குழு நடத்தினார்கள். மாணவிகளுக்கு ஆய்வகத்தில் நேரம் வாங்கித் தருவது, கல்யாணமானதும் படிப்பை விட்டவர்களைத் திரும்பக் கூட்டி வருவது, இயக்குநர் அறையில் பூட்டிக் கிடந்த பெண்கள் கழிப்பறைச் சாவியை மீட்பது எல்லாம் அவர்கள் வேலை. சாவிக்கு மட்டும் ஏழு மனுக்கள் ஆயின. இயக்குநர் அந்தக் குழுவை "மாதர் சங்கம்" என்று கேலியாகச் சொல்வார். அப்படிச் சொன்ன தடவைகளையும் என் மனைவி மனதில் குறித்து வைத்திருந்தாள்.

கூட்டம் எங்கள் வீட்டில் நடந்ததற்குக் காரணம் மின்வெட்டு. அப்போது தொழிற்பேட்டைக்கு வாரத்தில் ஒரு நாள் கரண்ட் கிடையாது. எங்கள் பேட்டைக்கு அது வியாழக்கிழமை. நான் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளன். எனக்கு வார விடுமுறை அன்றுதான். அதே லைனில் இருந்த மையத்திலும் விசிறி ஓடாது, கருவிகள் ஓடாது. எங்கள் வீடு ஊருக்குள் வேறு லைனில் இருந்தது. ஆகவே மையத்தின் அறிவியல் முழுவதும் வியாழக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். நான் வீட்டில் ஓய்வாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பேன்.

குழுவில் ஒரு ஆராய்ச்சி மாணவி இருந்தாள். கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்து மருமகள்; கணவருக்கு ஓசூரில் கடை. பாகலூர் சாலையில் வயல்களும் தொழிற்சாலைகளும் கலந்து கிடக்கிற பகுதியில் பன்னிரண்டு கிணறுகளை அவள் தேர்ந்தெடுத்திருந்தாள். மாதத்தின் முதல் வியாழனன்று பன்னிரண்டிலும் தண்ணீர் எடுத்து, மறுநாள் ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். இப்படி ஒரு வருடம். தலைமை வளாகத்தில் இருந்த அவளுடைய வழிகாட்டி கண்டிப்பானவர். ஒரு தடவை விட்டுப்போனால் மன்னிப்பார். இரண்டாவது தடவை விட்டால் மறுபடியும் முதல் மாதத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஒரு மன்னிப்பை அவள் பிரசவத்துக்குச் செலவழித்துவிட்டாள்.

குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் வழுக்கி விழுந்து கால் முறிந்து கிருஷ்ணகிரியில் படுத்திருந்தார். குழு கூடி ஆலோசித்தது. வியாழக்கிழமை வகுப்பில்லாத, நம்பகமான, குழந்தையைக் கீழே போடாத ஆள் யார்?

"சார் வீட்டுலதானே இருக்காரு?" என்றார் பௌதிக அம்மையார்.

"அவர் ரொம்பப் பயப்படுவாரு" என்றாள் என் மனைவி.

"பயப்படுதவங்கதான் கீழ போட மாட்டாங்க."

ஆய்வகத்தில் கருவிகளுக்கு நேரம் ஒதுக்கும் அட்டவணை ஒன்று உண்டு. அதில் தராசுக்கும் போட்டோமீட்டருக்கும் கீழே என்னையும் சேர்த்தார்கள். முதல் வியாழன், காலை ஏழிலிருந்து ஒன்று வரை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போட்டோமீட்டரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் சொல்ல வந்தது பத்தாவது மாதத்து வியாழன். குழந்தைக்கு அப்போது ஐந்து மாதம். காலை முழுவதும் புட்டிப்பாலைத் தொடாமல் அழுதது. நானும் கிட்டத்தட்ட அதே நிலையில்தான் இருந்தேன். ஒரு மணிக்கு மையத்தின் ஜீப் அவளை எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. ஜீப் மதியம் வரைதான் என்பது இயக்குநர் உத்தரவு. பன்னிரண்டு பாட்டில்களையும் எங்கள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தாள். மேல்தட்டில் எங்கள் குடிதண்ணீர். அதுவும் அதே வெள்ளைப் பாட்டில்கள்தான். ஆய்வகம் கழித்துப் போட்டதை என் மனைவி வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தாள். ஆனால் கிணற்றுப் பாட்டில்களில் எண்ணும் ஊரும் எழுதிய லேபிள் உண்டு. லேபிள் இல்லாத பாட்டிலைத் தொட்டால் மாணவிகளை என் மனைவி எப்படித் திட்டுவாள் என்பது பாகலூர் வரை பிரசித்தம்.

நாலு மணிக்குக் கூட்டம். அன்றைய பொருள், வீட்டு வேலை பெண் விஞ்ஞானியின் கவனத்தை எப்படிச் சிதறடிக்கிறது என்பது. என் மனைவி அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டே, கூடத்துக்குக் கேட்கிற குரலில் அதைப் பற்றிப் பேசினாள். நல்ல பேச்சு. பத்து டம்ளர் காப்பி வந்தது.

"இன்னைக்குக் காப்பி லேசா உப்புக் கரிக்குல்லா?" என்றார் பௌதிகம்.

"தூள் மாத்தியிருக்கேன்."

நான் குழந்தைக்கு வெந்நீர் ஆற்றக் குளிர்ந்த தண்ணீர் தேடி ஃபிரிட்ஜைத் திறந்தேன். கீழ்த்தட்டை எண்ணினேன். எண்ண வேண்டிய அவசியம் எதுவும் இல்லை; கண்ணில் பட்டால் எண்ணிவிடுவேன்.

"ஏங்க, அங்க என்ன நோண்டிக்கிட்டிருக்கீங்க?"

"பாட்டில் பதினொண்ணுதான் இருக்கு."

"சரியா எண்ணுங்க."

"ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

"உங்களுக்கு எதுலயும் ஒண்ணு குறையும்" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், அடுப்பு மேடையைப் பார்த்து நின்றுவிட்டாள். காலிப் பாட்டில் அங்கே இருந்தது. லேபிள் எங்களைப் பார்த்தபடிதான் இருந்தது. பன்னிரண்டு, பாகலூர்.

கூடத்துக்கும் கேட்டுவிட்டது. எல்லோரும் தங்கள் டம்ளர்களைப் பார்த்தார்கள். அந்தப் பெண் குழந்தையை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அதன் சட்டை நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"நான் ரெண்டு டம்ளர் குடிச்சேன்" என்றார் பௌதிகம் மெதுவாக. "ஊர் ஜனம் தினமும் குடிக்கிற தண்ணிதான், உயிருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா இன்னும் பொழுது இருக்கு பாத்துக்கிடுங்க. நாலே முக்காலுக்கு பாகலூர் பஸ் இருக்கு."

நான் போய் எடுத்து வருகிறேன் என்றேன். முறைப்படி எடுக்கத் தெரிந்தவர்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். அப்படியானால் நான் வீட்டில் இருக்கிறேன் என்றேன். குழந்தை தாயை விட்டு இன்னொரு தடவை இருக்காது; கிணற்றடியில் அதை யார் வைத்துக்கொள்வது என்றார்கள். ஆகவே என் மனைவியும் பௌதிகமும் சேர நான்கு பெரியவர்களும் ஒரு குழந்தையும் புறப்பட்டோம். அன்று கரண்ட் இருந்த வேறு பேட்டையின் ஆட்கள், மூன்று ஷிப்டும் சேர்ந்த மாதிரி, பஸ்ஸில் ஏறியிருந்தார்கள். ஜன்னல் காற்று குழந்தையின் காதில் படுமே என்று என் துண்டால் மூடினேன். குழந்தை அதை இழுத்துப் போட்டது. ஒன்பது தடவை.

கிணற்றுக்காரம்மா மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்து வியந்தார். "ஏனம்மா, காலையிலதானே எடுத்துக்கிட்டுப் போனீங்க?"

அந்தப் பெண் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். "குடிதுபிட்ரா!" என்று அந்த அம்மா மாட்டை விட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு எங்களுக்காகத் தமிழில், "குடிச்சே தீத்துட்டீங்களா? காப்பி எப்படி இருந்துச்சு?" என்றார்.

"கொஞ்சம் உப்பு" என்றார் பௌதிகம்.

"எங்க தண்ணியா உப்பு? ஊரே இதுலதான் காப்பி போடுது. உங்க தூள்ல கோளாறு."

என் மனைவி பாட்டில் மூடியைத் திறந்து அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

தண்ணீர் கிடைத்தது. திரும்பி வரும் பஸ்ஸில்தான் பிரச்சினை. மற்றப் பதினொரு பாட்டில்களும் காலையில் எடுத்தவை, இது மாலை. நேரத்தை என்னவென்று எழுதுவது?

"ஒரே நாள்தானே. நேரத்தை விட்டுடு" என்றாள் என் மனைவி.

"நேரம் எழுத இடம் இருக்கு, மேடம்."

"காலைப் பாட்டில் உடைஞ்சுபோச்சுன்னு எழுது. இது வெளிய தெரிஞ்சா இயக்குநர் என்ன சொல்வாருன்னு நினைச்சுப் பாத்தியா? பொம்பளைங்க கையில ஆராய்ச்சியைக் கொடுத்தா அடுப்புலதான் போகும்பாரு. நாம எட்டு வருஷமா என்ன கத்தினாலும் அது ஒண்ணுதான் நிக்கும்."

"அது ப்ளாஸ்டிக் பாட்டில், மேடம். உடையாது."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். "சார், குழந்தையைப் பிடிங்க" என்றார் பௌதிகம். அந்தப் பெண் மடியில் பலகையை வைத்து, பஸ் குலுங்கக் குலுங்க எழுதினாள். காலை மாதிரி தவறுதலாகப் பயன்படுத்தப்பட்டது. மறுமாதிரி மாலை ஐந்து நாற்பதுக்கு எடுக்கப்பட்டது.

அந்தக் குறிப்பைத் தபாலில் பார்த்துவிட்டு, அடுத்த திங்களன்று வழிகாட்டியிடமிருந்து ட்ரங்க் கால் வந்தது. போன் இருந்தது இயக்குநர் அறையில். எதற்குப் பயன்படுத்தப்பட்டது என்று வழிகாட்டி கேட்டாராம். அந்தப் பெண் திணறியபோது என் மனைவி ரிசீவரை வாங்கி, "காப்பிக்கு சார். போட்டது நான்" என்று சொல்லியிருக்கிறாள். இயக்குநர் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை அடக்கப் பேனா மூடியைக் கடித்தார் என்று பௌதிகம் எனக்கு நடித்துக் காட்டினார்.

வழிகாட்டி ஒரு வழி சொன்னார். காலைத் தண்ணீரும் மாலைத் தண்ணீரும் ஒன்றுதான் என்று காட்ட, வரும் வியாழன் அதே கிணற்றில் இரண்டு வேளையும் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் ப்யூரெட் என்கிற அளவுக் குழாயில் ஒரு கோடு வித்தியாசம் வரலாம். இரண்டு கோடு வந்தால் அது இரண்டாவது தடவை விட்ட கணக்கு; பத்து மாதமும் வீண்.

வெள்ளிக்கிழமை ஷிப்டு முடிந்து நான் மையத்துக்குப் போனபோது குழந்தை உதவியாளர் அறையில் ஒரு மேசை மேல் கிடந்தது. தூக்கிக்கொண்டு ஆய்வக வாசலில் நின்றேன். காலைத் தண்ணீரைப் பௌதிகம் சோதித்து அளவை மனதுக்குள் வைத்திருந்தார். மாலைத் தண்ணீரை அந்தப் பெண், அந்த அளவு தெரியாமல், தானே சோதிக்க வேண்டும் என்பது என் மனைவியின் ஏற்பாடு. ப்யூரெட் என்பது கோடு போட்ட நீண்ட கண்ணாடிக் குழாய். அதிலிருந்து துளித்துளியாக விழ விழ, கீழே குடுவையில் சிவப்பாக இருந்தது நீலமாக வேண்டும். விழுந்த துளிகளை நான் எண்ணத் தொடங்கினேன். நாற்பதுக்கு மேல் பயத்தில் விட்டுவிட்டேன்.

நீலம் வந்தது. அவள் குனிந்து கோட்டைப் பார்த்தாள். நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்தாள்.

"பதினெட்டு புள்ளி நாலு."

எல்லோரும் பௌதிகத்தைப் பார்த்தோம்.

"பதினெட்டு புள்ளி மூணு" என்றார். "நாலுன்னு சொல்ல ஆசைதான். மூணுதான்."

ஒரு கோடு. என் மனைவி அதை எழுதி, கீழே இரண்டு முறை அடிக்கோடிட்டாள். அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்து கைகளை நீட்டினாள். குழந்தையைக் கொடுத்தேன். அது உடனே அவள் வெள்ளைக் கோட்டின் பொத்தானை வாயில் கவ்வியது.

"ஐயோ, அதுல ஆசிட் பட்டிருக்கும்!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். பத்து மாத உழைப்பு பிழைத்ததை அவர்கள் கொண்டாடியது அவ்வளவுதான்.