மழைக்கு நிறுத்திய படிப்பு

பாறையைத் துளைத்துத் தண்ணீர் காட்டுகிற பிழைப்பு எங்களுடையது. திருச்செங்கோட்டில் அப்பாவுக்குப் போர் போடும் ரிக் வண்டி ஒன்று உண்டு. வடமாநிலங்களில்தான் வேலை. அங்கே மழை பிடித்துக்கொண்டால் வண்டி ஊர் திரும்பி வீட்டு முன்னால் நிற்கும். மழை விட்டதும் பூசை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, மறுபடி கிளம்பும். நிறுத்தி வைத்ததற்காக எந்த ரிக்கும் இதுவரை கோபித்துக்கொண்டதில்லை.

வெளிநாட்டுக்கு முதுகலை படிக்கப் போன நான், இரண்டாம் பருவத்தில் மூன்று பாடங்களிலும் தோற்றேன். ஒன்றுக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை. அடுத்த பருவத்துக்குப் பெயர் பதிய மனமே வரவில்லை. அப்பாவிடம் போனில் சொன்னேன்.

“இதுக்கா சாமி இத்தன ரோசன? மழைக்கு வண்டிய நிறுத்தறதில்லையா நாம? ஒரு சீசன் உடு. மறுக்கா எடுத்தா ஓடாமயா போயிரும்?”

“காலேஜுல ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்களாப்பா?”

“வண்டி நம்மளுது. அவிங்க என்னத்தச் சொல்றது?”

கல்லூரியில் பெயர் இருக்கும்வரைதான் விசா என்று, என்னை அனுப்பிவைத்த அஸ்தம்பட்டி ஏஜென்ட் கிளம்புமுன்பே விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். அப்போது நான் அவர் சுவரில் மாட்டியிருந்த பனிமலைப் படத்தில், எந்த இடத்தில் நின்று போட்டோ எடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் அறையில் படுத்துக் கிடந்தேன். பிறகு விசா அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. நான் படிப்பதில்லை என்று கல்லூரி தெரிவித்துவிட்டதாம். விசாவை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். உடம்பு சரியில்லை, வீட்டில் சாவு என்று ஏதாவது இருந்தால் எழுதியிருக்கலாம். என்னிடம் இருந்தது ரிக் மட்டும்தான். மழைக்காலத்தில் வண்டியை நிறுத்துவது எங்கள் ஊர் வழக்கம் என்று ஒன்றரைப் பக்கம் எழுதி, வண்டியின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். அதிகாரி மரியாதையானவர். விளக்கத்தைக் கவனமாகப் பரிசீலித்ததாக ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியில் ரத்து செய்திருந்தார்.

ஆடியில் ஊர் வந்து சேர்ந்தேன். வீட்டு முன்னால் ரிக் நின்றது. அப்பா நாலு வார்த்தை வைதிருந்தால் சோறாவது இறங்கியிருக்கும். நான் லீவில் வந்திருப்பதாக ஊருக்குச் சொல்லிவிட்டார். நானும் லீவில் வந்தவனைப் போலவே இளித்துக்கொண்டு திரிந்தேன். அந்த ஒரு பாடத்தில் மட்டும் பாஸ்.

புரட்டாசிக் கடைசியில் வடக்கே மழை விட்டது. பூசைக்கு வெண்ணந்தூர்ப் பெரியப்பா வந்திருந்தார். பழத்தை நசுக்கிக்கொண்டு ரிக் தெருமுனை திரும்பியதும் அவர் கண் என் மேல் வந்து நின்றது.

“வண்டி கெளம்பிருச்சு. பையன் எப்பக் கெளம்பறான்?”

அப்பா நசுங்கிய பழத்தைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

“மழ நிக்கட்டுங்ணா.”

எங்கள் பக்கம் தூறல் விழுந்தே ஒரு மாதமாகியிருந்தது. பெரியப்பா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைத் தேடினார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.