வேர்வையில் நழுவாத கட்டை

“சார், துப்பாக்கிக் கட்டைக்கு மெழுகு நல்லதா, பாலிஷ் நல்லதா?”

ஆசிரியர் அறையில் சரோஜா டீச்சர் ஒருநாள் என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் அறிவியல், அவர் கணக்கு. சென்ற வாரம் அவருடைய மகன் செல்போனில், “அம்மா போயிட்டாங்க சார், தூக்கத்துலயே” என்று சொன்னபோது, முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கேள்விதான்.

கணவர் இறந்தபின், கம்மாபுரம் பக்கம் இருந்த, எங்கள் ஊரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லையை டீச்சர்தான் பார்த்துக்கொண்டார். காட்டுப்பன்றி விரட்ட உரிமம் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கியும் அவர் பொறுப்புக்கு வந்தது. தேர்தல் வந்தால் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அப்படி ஒரு தேர்தல் முடிந்து திரும்பி வந்தபோது, கட்டை ஈரம் குடித்து வெளுத்திருந்தது.

டீச்சரின் தம்பிக்குப் பீங்கான் சூளையில் வேலை. “கிளேஸ் போட்ட ஜாடி கணக்கா ஆக்கித் தரேங்க்கா” என்று வார்னிஷ் டப்பாவோடு வந்துவிட்டார். பளபளப்பாக்கிவிட்டால் எந்தப் பொருளும் பிழைத்துவிடும் என்று எங்கள் ஊரில் பலருக்கு நம்பிக்கை.

நான் சொன்னேன்: சுட்ட மண் அசையாது. மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். மேலே கெட்டியாகப் பூசினால் பூச்சு வெடிக்கும்; அந்தக் கீறலில் தண்ணீர் இறங்கும். ஆளிவிதை எண்ணெயை ஊறவிட்டு, தேன்மெழுகைக் கொஞ்சமாகத் தேய்த்துத் துடைத்தால் மினுக்கு வராது. ஆனால் தேய்ந்த இடத்தில் மறுபடி தேய்த்துக்கொள்ளலாம்.

கணக்கு டீச்சர் அல்லவா, நிரூபணம் கேட்டார். ஒரு கட்டைத் துண்டுக்கு வார்னிஷ், இன்னொன்றுக்கு மெழுகு. காய்ந்தபின் கையை நனைத்துக்கொண்டு இரண்டையும் திருகிப் பார்த்தார். வார்னிஷ் கட்டை கைக்குள் சுழன்றது.

“அழகு கெடக்கட்டும் சார். எனக்கு வேர்க்குற கை. நழுவாம நின்னா போதும்” என்றவர், துப்பாக்கிக் கட்டைக்கு எண்ணெயும் மெழுகும்தான் தேய்த்தார்.

சுரங்கத்துக்கு நல்ல விலை கொடுத்து நிலம் எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்தே, அவருடைய கொழுந்தனார் கலியமூர்த்திக்கு அந்தக் கொல்லையின் மேல் கண். அடுத்த அறுவடையன்று இரண்டு ஆட்களோடு இறங்கிவிட்டார். நடந்ததை அங்கே வேலை செய்த அஞ்சலைதான் எனக்குச் சொன்னார்.

“ஸ்கூல்ல சாக்பீஸ் புடிக்கிறவங்களுக்கு மல்லாட்டைக் கொல்லை எதுக்கு?” என்று கத்திக்கொண்டே வந்தவர்கள், மறித்த அஞ்சலையை மண்வெட்டிக் காம்பால் அடித்தார்கள். முன்கை எலும்பு முறிந்தது. அடுத்த அடி டீச்சரின் நெற்றியைக் கிழித்தது. இரத்தத்தைத் துடைத்த கையோடு டீச்சர், பன்றிக்காகத் தோட்டா போட்டு வைத்திருந்த துப்பாக்கியை எடுத்தார்.

“சுடுங்க அண்ணி, பாப்பம்!” என்று கலியமூர்த்தி குழலைப் பிடித்துத் தன் நெஞ்சுக்கு நேரே இழுத்தார்.

அந்த இழுப்பில் டீச்சரின் கை நழுவியிருந்தால் ஒன்று துப்பாக்கி கலியமூர்த்தியிடம் போயிருக்கும், அல்லது வெடித்திருக்கும். இரத்தமும் வேர்வையுமான கையில் கட்டை நின்றது. டீச்சர் விரலை விசைக்கு வெளியே வைத்தபடியே குழலை வானத்துக்குத் திருகிப் பிடுங்கினார். கட்டையாலேயே தாடையில் இடித்தார். பற்கள் தெறித்தன. விழுந்தவரை மறுபடி இடித்தார். தோள் எலும்பு உடைந்தது. மற்ற இருவரும் ஓடிப்போனார்கள்.

மருத்துவமனையில் கேட்டேன்: “ஏன் டீச்சர் சுடலை?”

“அவன் மவ செல்வி என் எட்டாம் வகுப்புல மொத பெஞ்சு சார். சுட்டுட்டு அந்தப் புள்ள மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

“அப்ப அந்த ரெண்டாவது இடி?”

“அது அஞ்சலைக்கு.”

நெற்றித் தையலோடு பள்ளிக்கு வந்து, செல்விக்கு வட்டத்தின் பரப்பளவு நடத்தினார். கலியமூர்த்தி அதன்பின் அந்தக் கொல்லையில் கால் வைக்கவில்லை.

இறுதிச் சடங்கன்று, பள்ளிக்கூடத்தில் ‘டீச்சர்’ என்றே அழைத்துப் பழகிய செல்வி, “பெரியம்மா, பெரியம்மா” என்று கதறினாள். பாடை கிளம்பியபோது ஒரு மூலை சற்றுத் தாழ்ந்தே போனது. அங்கே தோள் கொடுத்தவர் கலியமூர்த்தி. உடைந்து கூடிய தோள் அது.

மறுநாள் டீச்சரின் மகனோடு நானும் காவல் நிலையம் போய்த் துப்பாக்கியை ஒப்படைத்தோம். வாங்கிய காவலர் கட்டையைத் தடவிவிட்டு, “ஒரு பாலிஷ் போட்டிருக்கலாமே சார்?” என்றார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் சிரித்துவைத்தேன்.

போய் வாருங்கள், டீச்சர்.

இதைப் படிப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். கையை நனைத்துக்கொண்டு, முதலில் வார்னிஷ் பூசிய ஒரு கட்டையையும், பிறகு எண்ணெயும் மெழுகும் தேய்த்த ஒரு கட்டையையும் இறுகப் பிடித்துத் திருகிப் பாருங்கள்.