பூட்டத் தெரியாத ஏழாம் பதிப்பு

முகத்துக்கு நேரே அக்கா. முதுகுக்குப் பின்னால் செக்போஸ்ட். அந்த அலுவலகத்தில் அவருக்கு இரண்டு பெயர், இரண்டும் அவர் காதுக்கு எட்டியவைதான். வந்தது டைப்பிங் வேலைக்கு. இவருடைய முப்பத்தெட்டாவது வயதில், பக்கத்து மேசைக்காரர் வேலையை விட்டுப் போனபோது, அவருடைய பில்ட் ஸ்கிரிப்ட் இவர் தலையில் விழுந்தது. புரோகிராம் துண்டுகளையெல்லாம் சேர்த்து, வாடிக்கையாளருக்கு அனுப்பும் ஒரே ஃபைலாகக் கட்டித் தருகிற கட்டளைகள் அவை. கம்ப்யூட்டர் படிப்பு படித்தவர் இல்லை. திரையில் சிவப்பாக வந்த ஒவ்வொரு வரியையும் நோட்டில் எழுதி வைத்து, விடாப்பிடியாகக் கற்றுக்கொண்டார். யாருக்கு வரும் அந்தப் பொறுமை?

ஒருமுறை சறுக்கியதும் உண்டு. பில்டுக்குத் தேவையான மென்பொருள் கருவிகளின் பதிப்பு எண்ணைச் சரிபார்க்க அவர் எழுதிய வரி, எண்களை எழுத்துகளைப் போல ஒப்பிட்டு, 10-இன் முதல் எழுத்தான 1-ஐ மட்டும் பார்த்து, பத்தை ஒன்பதைவிடச் சின்னது என்று முடிவு கட்டியது. புத்தம் புதுக் கருவி வாசலிலேயே நின்றது; எல்லாருக்கும் ஒரு நாள் வேலை பாழ். தப்பு தன்னுடையது என்று மேசை மேசையாகப் போய்ச் சொன்னார். அன்றிலிருந்து அவர் எண்ணை மட்டும் நம்புவதில்லை. கருவியிடம் ஒரு குட்டி வேலையைக் கொடுப்பார், செய்து காட்டினால்தான் உள்ளே விடுவார். இந்தச் சோதனைகளுக்கு அலுவலகத்தில் 'செக்' என்று பெயர். லிஃப்ட் மெக்கானிக்கான அவர் கணவர், "கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் இப்படி ஓட்டிப் பாத்தியா?" என்று கிண்டலடிப்பார். அதைச் செய்யாமல் விட்டதுதான் தப்பு என்பார் இவர்.

அன்றைக்கு ஒரு ரத்த வங்கிக்கு, புதுப் புரோகிராமும் ரத்தம் கொடுத்தவர்களின் பட்டியலும் நாலு மணிக்குள் போயாக வேண்டும். புதிதாக வந்த கம்ப்யூட்டரில் பில்ட் ஓட்டினார்கள். ஃபைல்களைச் சுருக்கி, பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டும் கருவி வரைக்கும் வந்து, அக்காவின் ஸ்கிரிப்ட் சட்டென்று நின்றுவிட்டது. இதற்குப் பூட்டத் தெரியவில்லை என்றது. அக்காவைவிடப் பத்து வயது சின்னவரான மேலாளர் கடுகடுவென்று வந்தார். தேவை ஐந்தாம் பதிப்பு, இருப்பது ஏழு, அப்புறம் எப்படித் தெரியாமல் போகும் என்றார். போதாக்குறைக்குப் பழைய சறுக்கலையும் எல்லார் முன்னாலும் இழுத்துப் போட்டார்.

"உங்க செக்கை எடுத்துட்டு ஓட்டப் போறேன், மேடம். ஓடிடுச்சுன்னா நீங்க எழுதின எல்லா செக்கையும் அழிச்சிடலாம்."

பதினாலு வருஷ உழைப்பு. ஒரு கணம் அக்காவுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. ஓட்டுங்கள், ஆனால் அனுப்புவதற்கு முன்னால் நான் ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

இருபது நிமிடத்தில் ஓடி முடிந்தது. ஒரு சிவப்பு வரிகூட இல்லை. பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அக்கா எழுந்து போய், மேலாளரிடம் மவுஸைக் கேட்டு வாங்கி, அந்த ஃபைலை இரண்டு தட்டுத் தட்டினார். அது பாஸ்வேர்ட் கேட்கவே இல்லை. பெயர், தொலைபேசி எண், யாருக்கு என்ன நோய் என்பது முதற்கொண்டு பட்டவர்த்தனமாகத் திரையில் கிடந்தது. பதிப்பு ஏழுதான், ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் கருவியைப் போட்டவர்கள் பூட்டும் வசதியைச் சேர்க்காமலே போட்டிருந்தார்கள். பூட்டச் சொன்னதைக் காதிலேயே வாங்காமல் கட்டிக் கொடுத்துவிட்டது அது.

கைதட்டியவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். மேலாளர் அங்கேயே, எல்லாரும் கேட்க, ரத்த வங்கிக்குப் போன் போட்டார்.

"கொஞ்சம் லேட்டாகும் சார். பூட்டாமலே உங்களுக்கு அனுப்பியிருப்பேன். எங்க அக்கா விடல."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெருமையாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? அந்த இருபது நிமிடமும் அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பழைய கம்ப்யூட்டரில், பூட்டத் தெரிந்த கருவியை வைத்து, தன் செக் ஒன்று விடாமல் பில்டை ஓட்டி முடித்திருந்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்த ஃபைலை மேலாளர் முன்னால் வைத்தார்.

"லேட்டுன்னு ஏன் சொல்றீங்க சார்? மணி மூணரைதான் ஆகுது. இந்தாங்க, இத நீங்களே திறந்து பாருங்க."